குமிழி அக்காவின் ரகசிய எண்

என் மனைவி வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குமிழி அக்கா என்றால்தான் தெரியும். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபப்படுகிற வேலையை எங்கள் வீட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய்களுக்கான வால்வு செய்கிறார்கள். செய்து முடித்ததும் அதன் இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, ஒரு தொட்டித் தண்ணீரில் முக்குவார்கள். எங்காவது கசிவு இருந்தால் குமிழி கிளம்பி வரும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றவள் என் மனைவி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "அது சும்மா மேல ஒட்டியிருந்த காத்துக்கா" என்று மற்றவர்கள் சமாதானம் சொல்லிப் பார்ப்பார்கள். முழுதாகக் கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு, "குமிழி வந்துச்சு, ஓரமா வை" என்பாள். வீட்டில் நான் சொல்லும் சாக்குகளுக்கும் அதே மரியாதைதான்.

வெளிநாட்டுக் குடிநீர் வாரியங்களிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தபோது அவளுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. அந்த வாரியங்களுக்குக் கடன் கொடுப்பது ஒரு சர்வதேச வங்கி. தன் பணத்தில் நடக்கிற திட்டத்துக்குச் சரக்கு விற்பதென்றால், லஞ்சத்தைத் தடுப்பதற்கென்றே கம்பெனியில் ஒரு தனி ஆள் இருக்க வேண்டும், வெளிநாட்டு ஏஜெண்டுகளோடு போடுகிற எந்த ஒப்பந்தமும் அந்த ஆளின் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று வங்கி நிபந்தனை போட்டது. முதலாளி எரிச்சலில், "யாரையாவது போட்டுத் தொலைங்க" என்றாராம். உற்பத்திப் பிரிவு முழுவதும் ஒரே குரலில் என் மனைவியைச் சொன்னது. நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அந்தத் தொட்டியை விட்டு நகர்ந்தால் போதும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

இப்படித்தான் அவள் கம்ப்ளையன்ஸ் ஆபீஸர் ஆனாள். சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிப் படித்துப் பரீட்சை எழுதித் தேறினாள். சத்தம் போட்டுப் படிக்கிறவள் என்பதால் எனக்கும் பாதிப் பாடம் மனப்பாடம். வேறொரு நாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தால், கொடுத்தவனுடைய நாட்டிலும் அவனை உள்ளே தள்ள இப்போதெல்லாம் சட்டம் இருக்கிறது. நேராகக் கொடுக்காமல் ஏஜெண்ட் கையால் கொடுத்தாலும் கம்பெனிதான் மாட்டும். எனக்கே தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று கையை விரிக்க முடியாது. சில நாடுகளில் தடுக்கத் தவறியதையே குற்றமாக்கிவிட்டார்கள். ஆனால் தவறு நடந்ததைக் கம்பெனி தானே முன்வந்து சொன்னால் தண்டனை குறையும். இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் முயன்று பார்த்தேன், குறையவில்லை.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவளுடைய புது வேலைக்கு முதல் பலி நான்தான். தொழிற்சாலையில் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு விலைப்புள்ளி கொடுத்திருந்தேன். ஊரிலேயே என்னுடையதுதான் குறைந்த விலை, சத்தியமாகச் சொல்கிறேன். 'விண்ணப்பித்திருப்பவர் என் கணவர், ஆகவே வேண்டாம்' என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவளுக்குக் கொடுத்த அறை கேண்டீனுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்தது. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் லாரியில் பெட்டி ஏற்றுகிற இடம் தெரியும். மத்தியானம் ஆனால் கேண்டீன் புகை உள்ளே வரும். அந்த அறைக்கு அவளே திரை தைத்துப் போட்டாள். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று நான் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்பது வேறு கதை.

வங்கி சொன்ன இன்னொரு விஷயம் ரகசிய எண். தப்பு நடப்பதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் பெயர் சொல்லாமல் கூப்பிடலாம். அதற்கு ஒரு வெளிக் கம்பெனியை அமர்த்தச் செலவாகும் என்று முதலாளி ஒரு பழைய போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அது ஒலித்தால் எங்கிருந்தாலும் ஓடுவாள். கல்யாணமான நாளிலிருந்து என் போனை இவ்வளவு ஆசையாக அவள் எடுத்ததே இல்லை.

லஞ்சத்தைப் பற்றி மட்டும் ஒருவர்கூடப் பேசவில்லை. கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்றார் ஒருவர். வால்வு செய்கிற தொழிற்சாலையில் குழாய் ஒழுகுவதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ரகசியமாகச் சொன்னார். சூப்பர்வைசர் பூசிக்கொள்ளும் சென்ட் தலைவலி தருகிறது என்றார் இன்னொருவர். சப்ளையர் கொடுத்த காலண்டரைச் சுவரில் மாட்டினால் ஜெயிலா என்று ஒருவர் நடுங்கிக்கொண்டே கேட்டார். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். குழாயைச் சரி பண்ண வைத்தாள். சென்ட்டைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் எப்படியோ பக்குவமாகப் பேசி நிறுத்தினாள். "இதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டேன். "சின்னதைச் சொல்லிப் பார்க்கிறாங்க. சொன்னா நடக்குதான்னு பார்க்கிறாங்க. நடந்தாத்தான் பெரிசைச் சொல்வாங்க," என்றாள்.

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டு லஞ்ச வழக்குகளில் எல்லோரையும் நடுங்க வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நாடு, அந்த வழக்குகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து யோசிக்கப்போவதாக அறிவித்தது. முதலாளி அன்று தொழிற்சாலைக்குச் சிரித்துக்கொண்டே வந்தாராம். சில மாதங்களில் அதே நாடு புது விதிமுறைகளோடு திரும்ப வந்ததும், வேறு சில நாடுகள் ஒன்றுசேர்ந்து தங்களுக்குள் ஓர் அணி அமைத்துக்கொண்டதும் அதே செய்தித்தாளில்தான் வந்தன. அவர் அந்தப் பக்கம் புரட்டவில்லை. ஒரு நாள் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"புலி தூங்கப் போயிடுச்சும்மா. இனிமே இந்த ரூம் எதுக்கு? வர்றவங்களுக்குக் காட்ட வால்வெல்லாம் அடுக்கி வைக்கலாம். வங்கிக்காக உன் பேரு பேப்பர்ல இருக்கட்டும், நீ பேக்கிங் செக்ஷனுக்குப் போயிடு. கையில இருக்கிற டெண்டர் முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

"மீதிச் செய்தியையும் படிங்க சார்."

"அதை நீ படிம்மா."

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பேக்கிங் பிரிவு ஒன்றும் கேவலமான இடமில்லை, அவளுக்கும் அது தெரியும். பேப்பரில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாமல் போவதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "சோதிக்காத வால்வுல என் முத்திரையைக் குத்தி அனுப்புற மாதிரிங்க," என்றாள். எனக்கு அந்த முதலாளி மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் மூக்கில் இருந்த கண்ணாடி என் கடையில் வாங்கியது. வியாபாரி எங்கே போய்க் கோபத்தைக் காட்டுவது?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் இருவரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ரகசிய போன் அடித்தது. ஈரப் போர்வையை என் தலையில் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினாள். வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் மாறியிருந்தது.

"மறுபடியும் சென்ட் போட ஆரம்பிச்சிட்டாரா?"

"இல்லைங்க," என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் போன் விஷயத்தைக் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று.

என்ன நடந்தது என்று பிற்பாடு எனக்குத் தெரியவந்ததைத்தான் இனி சொல்லப்போகிறேன். இப்போது தொழிற்சாலையில் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் இதைப் பாடமாகச் சொல்கிறார்கள், சொல்கிறவர் சம்பந்தப்பட்டவரே. அதனால் நான் ரகசியம் எதையும் உடைக்கவில்லை.

கூப்பிட்டவர் மூக்கடைத்த குரலில் பேசினார். கையில் இருந்த டெண்டர் தொழிற்சாலையின் சரித்திரத்திலேயே பெரியது. அந்த நாட்டில் கம்பெனிக்கு ஓர் ஏஜெண்ட் உண்டு. டெண்டர் குழுவில் ஒருவரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, அதற்காகத் தன் கமிஷனோடு ஆலோசனைக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்து ஒப்பந்தம் போட்டு, பணத்தை மூன்றாவது நாட்டில் ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான் அந்த ஏஜெண்ட். ஒப்பந்தம் திங்கட்கிழமை உங்கள் மேசைக்கு வரும், மற்ற பேப்பரோடு பேப்பராக இருக்கும், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்றார். இவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆலோசனை சொல்லப்போவது யார், என்ன ஆலோசனை, பணம் ஏன் வேறு நாட்டுக்குப் போகிறது என்று ஏஜெண்டுக்குக் கேள்வி அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல்தான், பதிலே இல்லை. ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மாப்பிள்ளை, ஒரே மகளைக் கட்டியவர். அவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். ஏஜெண்டிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, டெண்டர் தேதி நெருங்குது, கையெழுத்துப் போடாம உட்கார்ந்திருக்கியாமே?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். ரகசிய எண்ணில் தகவல் வந்தது என்பதையும் சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு லஞ்சம், ஏஜெண்ட் எல்லாம் மறந்துபோயிற்று.

"எவன் அவன்? ஏற்றுமதி செக்ஷன்ல இருக்கிற எவனோ என் மாப்பிள்ளையைக் கவுக்கப் பார்க்கிறான். கூட இருந்தே குழி பறிக்கிறான். பேரைச் சொல்லு."

"பேரைச் சொல்ல மாட்டோம்னு நாமதான் சார் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம்."

"சுவத்துல என்ன வேணா எழுதுவோம். இது என் கம்பெனி, அது என் வீட்டு மாப்பிள்ளை. பேரைச் சொல்லு, இல்ல இன்னிக்கே ரூமைக் காலி பண்ணு."

"காலி பண்ணிடுறேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்து எனக்குப் போன் செய்தாள். "என்னங்க, கடையை மூடிட்டு வண்டியை எடுத்துட்டு வர்றீங்களா? கொஞ்சம் சாமான் இருக்கு."

அதற்குப் பின் நடந்தது நான் கண்ணால் பார்த்தது. ஆனால் முடிவு தெரியாமல் யாரும் ஏங்க வேண்டாம், அந்த ஆர்டர் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுதினால் கதை இன்னும் ஜோராக இருக்கும், என் மனைவி விடமாட்டாள். நடந்ததைக் கம்பெனியே வங்கியிடம் போய்ச் சொன்னது. வங்கிக்காரர்கள் வந்து எல்லோரையும் உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள், ஏஜெண்டைத் தடைப் பட்டியலில் போட்டார்கள், கம்பெனியைப் போடவில்லை. அடுத்த டெண்டருக்குக் கம்பெனி ஏஜெண்டே இல்லாமல் விலை கொடுத்தது. சின்ன ஆர்டர்தான், வந்தது.

அன்றைக்கு நான் போனபோது அவள் திரையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"யாரோ ஒருத்தனுக்காக நீ ஏன் தலையைக் கொடுக்கிற? பேரைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"அந்த ஒருத்தர் என்னை நம்பிப் பேசினார்ங்க. நான் வாயைத் திறந்தா நாளைக்குக் குழாய் ஒழுகுதுன்னு சொல்லக்கூட யாரும் கூப்பிட மாட்டாங்க."

"யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அந்தக் கயித்தை எடுங்க," என்றாள்.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளியே சாவி வாங்க வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று ஏறியது. வியாபாரமாவது மண்ணாங்கட்டியாவது, இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று எழுந்தேன். "சார்" என்ற முதல் வார்த்தைதான் வெளியே வந்தது. வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். ஓடிவந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது.

"மாமா, அவங்களை விடுங்க. போன் பண்ணினது நான்தான்."

முதலாளி என் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும் சார்," என்றாள்.

"எப்படி?" என்று பதறியது மாப்பிள்ளை. "நான் கர்சீப்பை வாய்ல வச்சுக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இல்ல பேசினேன்?"

"குரல் தெரியலைங்க. ஆனா நடுவுல, 'மாமாவுக்குத் தெரிஞ்சா வீடே ரெண்டாயிடும்'னு சொன்னீங்க. இங்க எல்லாரும் சாரைச் சார்னுதான் சொல்வாங்க. சாருக்கு எத்தனை மாப்பிள்ளை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிவைத்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, நான் உங்களை அப்படியா வச்சிருக்கேன்? என்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே? இந்த அம்மாவோட போனுக்குத் திருடன் மாதிரி மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசணுமா?"

"சொல்ல வந்தேன் மாமா. அன்னிக்கு உங்க ரூமுக்கே வந்து, ஏஜெண்ட் ஏதோ வேண்டாத பேச்சுப் பேசுறான்னு ஆரம்பிச்சேன். நீங்க, 'எப்படியாவது முடிச்சிடுங்க மாப்பிள்ளை, எனக்கு விவரமெல்லாம் வேண்டாம்'னு சொல்லிட்டீங்க."

"அதுக்கு அர்த்தம் லஞ்சம் கொடுன்னா?"

"வேற என்ன அர்த்தம் மாமா?"

ஜன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியைப் பார்க்க எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது. ஏதாவது சொல்லிப் பூசி மெழுகப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அப்படித் துடைத்தால் கீறல் விழும் என்று சொல்ல நாக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"அந்த ஏஜெண்டுக்கு என்ன எழுதணும்மா?" என்று கேட்டார்.

"ஒப்பந்தம் இல்லைன்னு நான் எழுதித் தர்றேன் சார்."

"நீ எழுதினா, இந்த அம்மா தடுக்குது, முதலாளி மனசுல வேற இருக்குன்னுதான் நினைப்பான்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே அந்த ஏஜெண்டைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். நலம் விசாரிக்க ஆரம்பித்த ஏஜெண்டை நடுவிலேயே நிறுத்தினார்.

"உங்க ஆலோசனையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். ஆர்டர் போனாப் போகட்டும்."

அந்தப் பக்கம் ஏஜெண்ட் ஏதோ சிரித்து மழுப்பினான். "சார், நேத்து வரைக்கும் நீங்கதானே எப்படியாவது..."

"நேத்து வரைக்கும் சொன்னேன். தப்பாச் சொன்னேன்," என்று வைத்துவிட்டார்.

போனைத் திரும்பப் பைக்குள் போட்டார். அவ்வளவு பெரிய ஆர்டர், ஒரே போனில் போய்விட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் போய் அதே பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அது என் மனைவி இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த காகிதங்கள் இருந்த பெட்டி. இரண்டு பேர் பாரம் தாங்குமா என்று எனக்குக் கவலை.

"நான் ஒழுங்காப் பேசியிருந்தா," என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல், "மாப்பிள்ளை என் நம்பரையே கூப்பிட்டிருப்பாரு."

"இனிமே கூப்பிடுவாரு சார்," என்றாள் என் மனைவி. மடித்த திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆனா இந்த நம்பரும் இருக்கட்டும்," என்றாள்.

"இருக்கட்டும்மா," என்றார் அவர். எழுந்து, சாவியை வாங்காமலே போனார்.

நான் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.